வஹாக்காவில் ஒரு பெட்டியைக் கேட்டுக் கேட்டு

ஜூலை 6, ஞாயிறு – மெக்சிகோ நகரம்

என் பெட்டி வரவில்லை. பெனித்தோ ஹுவாரெஸ் விமான நிலையத்தில் சுழல்பட்டை நின்றுபோன பிறகு விமான நிறுவனத்தின் முகப்புக்குப் போனவர்களில், எனக்கு முன்னால் நின்றவர் அறுபதைக் கடந்த உள்ளூர்க்காரர். அவருடைய பெட்டியும் வரவில்லை. ஆனால் அவர் பேசத் தொடங்கியபோது பெட்டி என்ற பேச்சே எழவில்லை. முதலில் மாலை வணக்கம் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று முகப்பில் இருந்த பெண்ணிடம் கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு, "திஸ்குல்பே லா மொலெஸ்தியா" என்று தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டார். இவ்வளவும் முடிந்த பின்னர்தான், ஒன்று கேட்கலாம் என்று இருந்தேன் என்ற தோரணையில், வினைச்சொல்லைக் கடந்த காலத்தில் வைத்துப் பெட்டியை விசாரித்தார். அந்தப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார், தொலைபேசியை எடுத்து உள்ளே யாரிடமோ பேசினார். பக்கத்து முகப்பில் "என் பெட்டி எங்கே?" என்று நேராக ஆரம்பித்த வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு படிவமும் பேனாவும் கிடைத்தன.

இதையெல்லாம் நான் உற்றுக் கவனித்ததற்குக் காரணம் உண்டு. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில், மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் உள்ள வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. மாதிரித் துணிக்கு ஒப்புதல் எப்போது வரும், பாக்கிப் பணம் எப்போது வரும் என்று கேட்டு எழுதுவதே அதில் பாதி. அலுவலகத்தில் இதற்கு ஃபாலோ-அப் என்று பெயர். ஸ்பானிய மொழியில் நூல் எண், துணியின் எடை, சாயத்தின் நிறம் எல்லாம் எழுத வருகிறது. நினைவூட்டும் கடிதம் மட்டும் வக்கீல் நோட்டீஸ் வாடையோடு போய்ச் சேர்கிறது என்று வாடிக்கையாளர் ஒருவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். ஆகவே விடுப்பெடுத்து, தென் மெக்சிகோவில் உள்ள வஹாக்கா நகரத்தில் ஒரு மொழிப் பள்ளியில் இதற்கென்றே பாடம் கேட்கப் புறப்பட்டு வந்திருக்கிறேன். பாடத்துக்கு வேண்டிய பயிற்சியை விமான நிறுவனம் முதல் நாளே ஏற்பாடு செய்துவிட்டது.

எனக்கும் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். இங்கே அதை ஃபோலியோ என்கிறார்கள். பெட்டி நாளை வஹாக்காவுக்கே நேராக வந்துவிடும் என்றார்கள். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், விடுதியின் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இரவு மழைக்கு நடுவே தெருமுனை வண்டியில் வேகவைத்த மக்காச்சோளத்தை எலுமிச்சையும் மிளகாய்த் தூளும் போட்டுக் கோப்பையில் வாங்கிச் சாப்பிட்டேன். விலை 35 பெசோ. ஒரு பெசோவுக்கு ஏறக்குறைய நாலரை ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள் – வஹாக்கா

பேருந்துப் பயணம் ஏழு மணி நேரத்தை நெருங்கியது. பாதி வழிக்கு மேல் தெவாக்கான் பள்ளத்தாக்கு வருகிறது. மலைச்சரிவு முழுவதும் தூண் தூணாக நிற்கும் கள்ளிகள். 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காப்பகம் அது. பேருந்துக்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள் பொதுவாக எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டே உட்கார்ந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண்மணி எழுந்து போகும்போது "கோன் பெர்மீசோ" என்று அனுமதி கேட்டார், நான் வாழைப்பழத்தை உரித்தபோது "ப்ரொவேச்சோ" என்று நன்றாகச் சாப்பிடும்படி வாழ்த்தினார். ஒரு வாழைப்பழத்துக்கு இத்தனை மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

தங்கியிருப்பது எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாளின் வீட்டு மாடியறை. என் கையில் ஒரு தோள்பை மட்டும் இருப்பதைப் பார்த்து விவரம் கேட்டவர், "மீஹா" என்று என்னை மகளாக்கிக்கொண்டு சந்தைக்குக் கூட்டிப் போனார். இரண்டு பனியன்கள், ஒரு பாவாடை, சில்லறை உடுப்புகள் என்று 480 பெசோ ஆயிற்று. பனியனின் கழுத்துத் தையலைத் திருப்பிப் பார்த்தேன், தொழில் பழக்கம். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று அம்மாள் சொன்னது பின்னால் உதவியது.

மாலையில் விமான நிறுவனத்தை அழைத்தேன். எடுத்தவர் மிக இனிமையாகப் பேசினார். பெட்டியின் நிலவரத்தைப் பார்த்துவிட்டு "அஒரீத்தா" கூப்பிடுவதாகச் சொன்னார். மெக்சிகோவில் இந்தச் சொல்லுக்கு இந்த நொடி, இன்னும் சற்று நேரத்தில், இன்றைக்குள், அநேகமாக இல்லை என்று எந்தப் பொருளும் வரலாம். இரவு பதினொரு மணிவரை தொலைபேசி அடிக்கவில்லை. மழை மட்டும் ஓட்டுக் கூரையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியில் ஆசிரியை என்னைவிட இளையவர். ஆனாலும் முதல் நாள் என்பதால் என்னை "உஸ்தெத்" என்றே மரியாதையாக அழைத்தார், நானும் அவரை அப்படியே அழைத்தேன். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நேற்றைய தொலைபேசிப் பேச்சை நான் பேசியது போலவே ஒப்பிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், எனக்குத் தெரிய வேண்டும் என்பதை நிகழ்காலத்தில் சொல்லக் கூடாது என்பது. "கெரீயா சபேர்", அதாவது தெரிந்துகொள்ள விரும்பினேன், என்று கடந்த காலத்துக்குத் தள்ளிவிட வேண்டும். விருப்பம் நேற்றையதாகிவிட்டதால் இன்று பதில் சொல்ல இருப்பவரின் தோளில் பாரம் குறைகிறது. முடியுமா என்பதற்கும் அதே கதிதான்: "புவேதே" என்று கேட்பதைவிட "போத்ரீயா" என்று கேட்டால், முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டாலும் பாதகமில்லை என்று ஒரு கதவு திறந்து வைக்கப்படுகிறது.

இலக்கணப் புத்தகத்திலேயே இருப்பவை இவை. அடுத்துச் சொல்லித் தந்ததுதான் எனக்குப் புதிது. நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள் என்று யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாதாம். "மே கொமெந்தாரோன் கே", என்னிடம் சொன்னார்கள், என்று ஆள் யாரென்று குறிப்பிடாமல் பன்மையில் சொல்ல வேண்டும். பெட்டி இன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். யார் சொன்னார், ஏன் வரவில்லை என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு வெளியே போய்விடும். எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லாமல் வேலையைப் பார்க்கலாம். இதைக் கேட்டதும் எங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே "இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாங்க" என்று ஆரம்பிக்காமல் எந்த மனுவும் நகர்ந்ததில்லை. சொன்னவரே எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்போம். இவ்வளவு பழகிய வழக்கத்தை ஸ்பானிய மொழியில் தேடிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதை ஆசிரியையிடம் விளக்க முடியவில்லை.

மதியம் 20 தெ நொவியெம்ப்ரே சந்தையில் சாப்பாடு. உள்ளே ஒரு நடைபாதை முழுவதும் கரி அடுப்புகளில் இறைச்சி சுடுகிறார்கள். புகையில் கண் எரிந்தது. நான் சைவம் என்பதால் அதைத் தாண்டி ஒரு சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தேன். சைவர்களுக்கு மெக்சிகோவில் முதல் கேள்வி ஒருபோதும் போதாது. இறைச்சி உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அவரைமசியலில் பன்றிக்கொழுப்பு இருக்கும், சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கும், இந்த ஊருக்குப் புகழ் தேடித் தந்த கறுப்பு மோலே குழம்பிலும் பெரும்பாலும் கோழிச்சாறு சேரும். சமைத்தவரைச் சந்தேகப்படுவது போலத் தோன்றாமல் இரண்டாவது, மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டும். காலைப் பாடத்தை அப்படியே பயன்படுத்தினேன்: மன்னிக்க வேண்டும் செஞோரா (அம்மா), ரொம்ப மணமாக இருக்கிறது, ஒன்றே ஒன்று கேட்க நினைத்தேன், தற்செயலாக அவரைமசியலில் கொழுப்பு ஏதும் சேர்ந்திருக்குமா? "தெ கசுவாலிதாத்" என்ற அந்தத் தற்செயல், சேர்த்தீர்களா என்ற விசாரணையைச் சேர்ந்திருக்குமா என்ற யோசனையாக மாற்றிவிடுகிறது. செஞோரா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். அவரையில் கொழுப்பு உண்டு, அடையின்மேல் தடவும் பூச்சிலும் உண்டு, பாலாடைக்கட்டியும் தக்காளிச் சட்டினியும் மட்டும் வைத்துத் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். கல்லில் சுட்ட தடித்த சோள அடையின்மேல் நார் நாராகப் பிரியும் கெசீயோ பாலாடைக்கட்டி. இரண்டு சாப்பிட்டேன், 50 பெசோ.

ஜூலை 9, புதன்

காலையில் வீட்டு அம்மாளின் சமையலறையில் சாக்லேட். கொக்கோவைப் பட்டை, பாதாம், சர்க்கரையோடு அரைத்த கட்டியைச் சுடுநீரில் போட்டு, மரக்கடைசலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி நுரை வரக் கடைகிறார்கள். மஞ்சள் கரு சேர்த்த ரொட்டியைப் பிட்டு அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். தண்ணீரிலா, பாலிலா என்று கேட்பார்கள். தண்ணீரில் கடைந்ததே எனக்குப் பிடித்தது.

அந்த மேசையிலிருந்தே விமான நிறுவனத்தை அழைத்தேன். அம்மாள் எதிரில் உட்கார்ந்து, பேச்சு வழிமாறும்போதெல்லாம் கையால் சைகை செய்தார். வணக்கம் முடிந்ததும் "கோன் கியேன் தெங்கோ எல் கூஸ்தோ?" என்று கேட்கச் சொன்னார். யாரோடு பேசும் மகிழ்ச்சி எனக்குக் கிட்டியிருக்கிறது என்று பொருள்படும் அந்த வாக்கியத்தின் உண்மையான வேலை, பேசுபவரின் பெயரை வாங்குவது. பெயர் வந்தது; அம்மாள் அதைச் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினார். பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அஒரீத்தா அழைக்கிறோம் என்று பதில் வந்தபோது, அம்மாள் மேசையைத் தட்டி, "மாஸ் ஓ மேனோஸ் பாரா குவாந்தோ?" என்று மெதுவாக உதட்டை அசைத்தார். ஏறக்குறைய எப்போதைக்கு இருக்கும்? ஏறக்குறைய என்ற சொல்லால் கெடு விதிப்பது போன்ற கடுமை போய்விடுகிறது. ஆனாலும் ஒரு நாளையோ நேரத்தையோ சொல்லாமல் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, நாளை மறுநாள் மதியத்துக்குள் என்றார்கள்.

இங்கே மரியாதை என்பது எதையும் அழுத்திக் கேட்காமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; பயணக் கையேடுகளும் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாள் கேட்கவைத்த ஒவ்வொரு கேள்வியிலும் பெயர், எண், நாள் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருந்தது. சுற்றிலும் இருந்த பஞ்சு, அந்தப் பிடி எதிராளியின் கையில் உறுத்தாமல் இருக்கத்தான்.

ஜூலை 10, வியாழன்

வகுப்பு, மழை, தலைவலி. மாலையில் பெனித்தோ ஹுவாரெஸ் சிறுவயதில் தங்கியிருந்த வீட்டைப் பார்த்தேன். 1806இல் கெலத்தாவோ என்ற மலைக்கிராமத்தில் சபோத்தெக் பழங்குடிக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். 1818இல், ஸ்பானிய மொழி சரியாகத் தெரியாத பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நடந்தே இந்த நகரத்துக்கு வந்து, புத்தகம் கட்டும் ஒருவரின் வீட்டில் வளர்ந்து படித்து, வழக்கறிஞராகி, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். முற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு அறைகள் கொண்ட எளிய வீடு. முற்றத்துத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கி நின்று, இங்கே அவர் முதன்முதலாக யாரிடம் எதைக் கேட்டிருப்பார், எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மதியத்துக்குள் என்று சொன்ன அழைப்பு மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தேவிட்டது. பெட்டி வஹாக்காவுக்கு வந்துவிட்டது, விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். வாடகை வண்டி பிடித்துப் போனேன். போக மட்டும் 250 பெசோ. பெட்டி அங்கே இல்லை. முகப்பில் இருந்த இளைஞர் கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டி இந்த நகரத்தின் பெயரையே கொண்ட வஹாக்கா மாநிலத்துக்கு வந்திருப்பது உண்மைதான், ஆனால் கடற்கரையில் இருக்கும் ஹுவாத்துல்கோ விமான நிலையத்துக்கு வந்திருக்கிறது என்று, ஏதோ துக்கச் செய்தியைச் சொல்லும் குரலில் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. தமிழில் இரண்டு சொற்கள் வெளியே வந்தன, அவருக்குப் புரிந்திருக்காது. பிறகு மூச்சு விட்டுக்கொண்டு, அன்று காலையில்தான் எழுதிப் பழகிய வாக்கியத்தை எடுத்தேன்: "அபீயாமோஸ் கெதாதோ என் கே" என்று தொடங்குவது. இன்று பெட்டி இங்கே கிடைக்கும் என்று நாம் பேசி வைத்திருந்தோம். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள் என்பதற்குப் பதில் நாம் இருவரும் சேர்ந்து ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தோம் என்று சொல்லும்போது, அது நடக்காமல் போனது இருவருக்கும் பொதுவான சங்கடமாகிவிடுகிறது. அந்த இளைஞர் தன் கைப்பேசியிலேயே ஹுவாத்துல்கோவுக்கு அழைத்தார். என் ஃபோலியோ எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார், பெட்டியில் ஒட்டியிருக்கும் பத்திலக்கச் சீட்டெண்ணையும் படித்தார். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வண்டி கிடையாது என்று பதில் வந்தது. என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, பகிர்ந்து செல்லும் வண்டி எது என்று காட்டினார். திரும்பி வர 30 பெசோதான் ஆயிற்று.

ஜூலை 13, ஞாயிறு – த்லாகொலூலா, தெயோதித்லான்

பெட்டியை மறக்க ஒரு நாள். வழியில் சாந்தா மரியா தெல் தூலே ஊரில் இறங்கி, மாதா கோயில் வளாகத்தில் நிற்கும் புகழ்பெற்ற தூலே மரத்தைப் பார்த்தேன். அடிமரத்தின் சுற்றளவு 40 மீட்டருக்கு மேல். பள்ளிப் பிள்ளைகள் சிறு கண்ணாடியால் வெயிலைப் பிடித்து மரத்தின் மேல் அடித்து, இதோ யானை, இதோ முதலை என்று காட்டுகிறார்கள். முதலை எனக்குத் தெரிந்தது. யானை தெரியவில்லை, தெரிந்ததாகச் சொல்லிவிட்டேன்.

த்லாகொலூலாவின் ஞாயிற்றுச் சந்தையில் ஸ்பானிய மொழியைவிடச் சபோத்தெக்தான் அதிகம் காதில் விழுந்தது. பெரிய மண்பாண்டத்தில் நுரை மிதக்கும் தெஹாத்தே பானத்தைச் சுரைக்குடுக்கை போன்ற கிண்ணத்தில் முகந்து கொடுத்தார் ஒரு பாட்டி. சோளம், கொக்கோ, மாமே பழத்தின் விதை, ஒரு வகை மரத்தின் மணமுள்ள பூ எல்லாம் அரைத்துக் கையாலேயே கலக்குகிறார்கள். 25 பெசோ. பாதி குடித்ததும், கேட்காமலே கிண்ணத்தை வாங்கி மறுபடி நிரப்பினார்.

தெயோதித்லான் தெல் வாயே நெசவாளர் ஊர். சாயத்தொழில் ஊரிலிருந்து வந்தவள் என்பதால் இதற்கென்றே வந்தேன். நெசவாளர் என் உள்ளங்கையில் உலர்ந்த கொச்சினீல் பூச்சிகள் நாலைந்தை வைத்து விரலால் நசுக்கினார். சப்பாத்திக்கள்ளியின் மேல் வளரும், மிளகைவிடச் சிறிய பூச்சி. அடர்சிவப்புச் சாறு கைரேகைகளில் ஓடியது. எலுமிச்சை ஒரு சொட்டு விட்டதும் ஆரஞ்சாக மாறியது. சிறிது சமையல் சோடாவைத் தூவியதும் ஊதாவாயிற்று. ஸ்பானியர் ஆட்சியில் வெள்ளிக்கு அடுத்தபடியாக இந்நாட்டிலிருந்து கப்பலேறிய சரக்கு இந்தப் பூச்சிதான். திருப்பூரில் அமிலத்தன்மை சற்று மாறினாலே ஒரு தொட்டித் துணி வீணாவதைப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த மாற்றத்தையே நிறம் தேர்ந்தெடுக்கும் வழியாக வைத்திருக்கிறார்.

ஒரு சிறிய திண்டுறைக்குப் பாதி முன்பணம் கொடுத்தேன். வியாழக்கிழமைக்குத் தயாராகும் என்றார். பயின்றதையெல்லாம் அடுக்கி, தொந்தரவாக இல்லை என்றால் புதன்கிழமை ஒரு செய்தி அனுப்பிக் கேட்கலாமா என்றேன். அவர் நெசவை நிறுத்தாமலே, கட்டாயம் அனுப்புங்கள், கேட்காவிட்டால் மறந்துவிடுவேன் என்றார். அவருக்கும் ஸ்பானிய மொழி பள்ளியில் போய்க் கற்றதுதான், வீட்டில் சபோத்தெக். அதனாலோ என்னவோ ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுதாக முடித்து நிதானமாகப் பேசினார், எனக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பெட்டி வந்தது. இரவு எட்டரைக்குக் கொட்டும் மழையில் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சக்கரம் இல்லை; பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். கையெழுத்து வாங்க நீட்டிய தாளில், அம்மாள் சொன்னபடி, சேதத்துடன் பெறப்பட்டது என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கொண்டுவந்தவர் எதிர்ப்புச் சொல்லவில்லை. அம்மாள் அவருக்குச் சாக்லேட் கொடுத்தார்.

ஜூலை 16, புதன்

இன்றைய வகுப்பு முழுவதும் ஒரே கடிதம். அனைத்துலக விமானப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். பெட்டி சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமானால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். ஏற்றுமதி வேலையில் இருப்பவர்களுக்கு இத்தகைய கெடுக்கள் உறக்கத்திலும் தெரியும். ஆசிரியைக்குத் தெரியாது, ஆகவே இந்த ஒரு பத்தியில் அவர் கேட்டார், நான் சொன்னேன்.

மற்றதெல்லாம் அவருடைய ஆட்சி. தொடக்கத்தில், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற வரி இல்லாமல் கடிதம் போகக் கூடாது. அடுத்து, என் புகாரைத் தொடர்ந்து கவனிக்கும் பொருட்டு எழுதுகிறேன் என்ற வரி. "தார் செகிமியெந்தோ" என்ற இந்தத் தொடர் இங்குள்ள எல்லா அலுவலகக் கடிதத்திலும் வருகிறது, எவரையும் உறுத்துவதில்லை. பிறகு நடந்தவை, நாள்வாரியாக, உணர்ச்சிச் சொல் எதுவும் இல்லாமல். நான் எழுதியிருந்த "மிகுந்த ஏமாற்றத்துடன்" என்பதன் கீழே கோடு போட்டு, இந்த வருத்தத்தை அடுத்த கடிதத்துக்கு மிச்சம் வைக்கலாமே என்றார். கூடிய விரைவில் என்று பொருள்படும் "ஆ லா ப்ரெவெதாத் போசிப்லே" என்பதையும் அப்படியே எடுத்து வைத்தார். முதல் கடிதத்திலேயே எல்லா ஆயுதத்தையும் இறக்கிவிட்டால், பதில் வராதபோது குரலை உயர்த்துவதைத் தவிர வேறு வழி இருக்காது என்பது அவர் கணக்கு. முடிவில் "கெதோ அல் பெந்தியெந்தே", உங்கள் பதிலை எதிர்நோக்கிக் கவனத்தோடு இருக்கிறேன். மெக்சிகோக்காரர்கள் இந்த வரியை எவ்வளவு மென்மையாகச் சொல்கிறார்களோ அவ்வளவு பிடிவாதமும் அதில் இருக்கிறது.

கடிதத்தோடு உடுப்பு ரசீதும், வாடகை வண்டிச் செலவும், சக்கரமில்லாத பெட்டியின் படமும் போயின.

நெசவாளருக்கும் செய்தி அனுப்பினேன். பதிலுக்குத் தறியில் இருக்கும் திண்டுறையின் படம் வந்தது. ஊதா நிறம் இன்னும் ஒரு விரற்கடை பாக்கி.

ஜூலை 18, வெள்ளி

ஹுவாரெஸ் இறந்த நாள் இன்று. 1872இல் இதே தேதி. இந்த நகரத்தின் பெருவிழாவான கெலகெட்சா ஜூலை 16க்குப் பின்வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் நடக்கும். ஆனால் ஜூலை 18 திங்களாக அமைந்துவிட்டால் அவர் நினைவுக்காக விழாவையே ஒரு வாரம் தள்ளி வைப்பார்கள். இந்த ஆண்டு அந்தச் சிக்கல் இல்லை, 21ஆம் தேதி தொடக்கம். தெருவெல்லாம் வண்ணக் காகிதத் தோரணம்; நான் தங்கியிருந்த தெருவிலேயே அறை வாடகை இரு மடங்காகிவிட்டது. விழாவுக்கு முன்பே கிளம்ப வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம், அம்மாளுக்கு அதைவிட அதிகம். என் அறையை வேறு ஆளுக்குக் கொடுக்க மனமில்லை என்று சொன்னார். ஆனால் கொடுத்துவிட்டார், அது நியாயமும்கூட.

விமான நிறுவனத்தின் பதில் வந்தது. தங்கள் அன்பான கடிதத்துக்கு நன்றி, விவரங்கள் பரிசீலனையில் உள்ளன, 10 வேலை நாட்களுக்குள் தெரிவிப்போம். என் கடிதத்தில் இருந்த மரியாதை அத்தனையும் இம்மி குறையாமல் திரும்பி வந்திருந்தது. பணத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. இந்த மொழியின் பணிவு கேட்பவருக்கு உதவும் அளவுக்கே மறுப்பவருக்கும் ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. பத்து நாள் என்று ஓர் எண் கிடைத்ததே பெரிது என்று ஆசிரியை சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய் – திருப்பூர்

சக்கரமில்லாத பெட்டியைக் கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அலுவலகத்தில் முதல் வேலையாக, மே மாதத்திலிருந்து பாக்கி வைத்திருக்கும் குவாதலஹாரா வாடிக்கையாளருக்குப் புதிய முறையில் ஒரு கடிதம் அனுப்பினேன். அன்றே பதில் வந்தது: நலம் விசாரிப்பு, வஹாக்கா பிடித்திருந்ததா என்ற கேள்வி, பணத்தைப் பொறுத்தவரை அஒரீத்தா பார்க்கிறேன் என்ற உறுதிமொழி. வஹாக்கா மிகவும் பிடித்தது என்று எழுதிவிட்டு, ஏறக்குறைய எப்போதைக்கு இருக்கும் என்று கேட்டேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் என்று எழுதியிருக்கிறார். என் முதலாளி அந்த வாரத்தை நாட்காட்டியில் பென்சிலால்தான் வட்டமிட்டார்.

விமான நிறுவனத்தின் பத்து வேலை நாட்கள் ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமையோடு முடிகின்றன. மெக்சிகோ நகரத்து நேரம் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அவர்களுடைய காலை பத்து மணி இங்கே இரவு ஒன்பதரை. அன்றைக்கு அழைத்து யாரோடு பேசுகிறேன் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்வேன். அதற்கும் பயனில்லை என்றால் திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய கடிதம் தயாராக இருக்கிறது. ஆசிரியை எடுத்து வைத்த ஏமாற்றமும் கூடிய விரைவும் அதில் முதல் பத்தியிலேயே வந்துவிடுகின்றன.